சிமிழ் மூடி ஏன் இறுகிக்கொண்டது?

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மரம் கடைகிற சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை வாங்கி, ஆறு மாதமாகப் பம்பரம், பூரிக்கட்டை, பேனா என்று கடைந்து பழகியிருக்கிறார். இப்போது முதல் தடவையாகத் தேக்கில் ஒரு குங்குமச் சிமிழ் செய்திருக்கிறார். கட்டை மரக்கடையில் வாங்கியது. செய்து முடித்த அன்று மூடி 'டப்' என்ற சத்தத்தோடு திறந்ததாம், வீட்டில் எல்லோரும் வாங்கி வாங்கித் திறந்து பார்த்தார்களாம். பத்து நாளில் மூடி அசைய மறுத்துவிட்டது. பலம் கொடுத்து முறுக்கியதில் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. எந்த உளி வாங்கினால் சரியாக வரும், எந்தப் பாலிஷ் போடலாம் என்று படத்தோடு கேட்கிறார்.

கடையில் போய் வாங்கித் தீர்க்கிற பிரச்சினை இல்லை இது. அன்றைக்கே கடைந்து அன்றைக்கே மூடி பொருத்தினீர்கள் பாருங்கள், அங்கேதான் இடறியிருக்கிறது. முதல் சிமிழில் எல்லோரும் செய்வதுதான், நானும் செய்தேன்.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூடியைக் கழுத்தின் (அடிப்பாகத்தில் மூடி வந்து உட்காரும் விளிம்பு) மேல் மெதுவாக வையுங்கள், அழுத்த வேண்டாம். எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று கவனித்துவிட்டு, கால் சுற்று திருப்பி மறுபடி வையுங்கள். ஒரு நிலையில் சுலபமாக இறங்கி, கால் சுற்றில் முட்டினால், வட்டமாகக் கடைந்தது இப்போது வட்டமாக இல்லை என்று அர்த்தம். கழுத்தும் மூடியின் வாயும் நீள்வட்டமாகிவிட்டன. எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி பிடித்தால் கதை வேறு. கழுத்தில் பாலிஷ் தடிமனாக ஏறிக் காயாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது மெல்லியதாக இருக்கிற மூடி சீக்கிரம் காய்ந்து, அடிப்பாகத்தை முந்திக்கொண்டு சுருங்கியிருக்கலாம். கையில் வெர்னியர் (மில்லிமீட்டரின் பின்னம் வரை அளக்கும் கருவி) இருந்தால் கழுத்தை இரண்டு வாக்கில் அளந்து பாருங்கள். உங்கள் சிமிழில் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

அந்தக் கால் மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். மரம் வெட்டுப்பட்டு வருஷங்கள் ஆன பிறகும் காற்றிலுள்ள ஈரத்தோடு அதற்குக் கொடுக்கல் வாங்கல் நிற்பதில்லை. ஐப்பசி அடைமழையில் பிடித்துக்கொள்ளும் கதவு பங்குனி வெயிலில் தானாக ஆடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பச்சைத் தேக்கு முழுதாகக் காயும்போது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் சுமார் 2.5 சதவீதம் சுருங்கும். வளையக்கோடுகளை ஒட்டிய வாக்கில் அதைப் போல இரண்டு மடங்கு, 5 சதவீதத்துக்கு மேல். நார் ஓடும் நீளவாக்கில் அநேகமாக ஒன்றுமே இல்லை. கடையில் வாங்கிய கட்டை பச்சை மரம் இல்லைதான். ஆனால் அதன் மேல்தோல் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் தேங்கியிருக்கும். நீங்கள் குடைந்தபோது அந்த ஈரமான நடுப்பகுதி முதல் தடவையாகக் காற்றைப் பார்க்கிறது. மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளி இறங்கினால் 60 மி.மீ. விட்டமுள்ள கழுத்து ஒரு வாக்கில் 0.2 மி.மீ., இன்னொரு வாக்கில் 0.4 மி.மீ. சுருங்கும். 'டப்' என்று திறக்கும் மூடிக்கு விடும் இடைவெளியே ஒரு காகிதத் தடிமன்தான், 0.1 மி.மீ. இதில் மூடியை யாராவது கால் சுற்று திருப்பி மூடிவிட்டால் ஒரு நீள்வட்டத்தின் அகலத்தில் இன்னொன்றின் நீளம் மாட்டிக்கொள்ளும். அப்புறம் முறுக்க முறுக்க இறுகத்தான் செய்யும்.

கட்டையை எந்த வாக்கில் லேத்தில் கட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பேனா, பூரிக்கட்டை பழக்கத்தில் நார் லேத்தின் அச்சோடு ஓடும்படிதான் கட்டியிருப்பீர்கள், அதுதான் சரி. கிண்ணம் கடைவது போலப் பலகையைக் குறுக்காகக் கட்டினால் வட்டத்தின் ஒரு விட்டம் நாரின் நீளவாக்கு, அசையவே அசையாது. மற்ற விட்டம் முழுச் சுருக்கத்தையும் வாங்கும். மூடியே இல்லாத கிண்ணத்துக்கு இது பொருட்டில்லை, சிமிழுக்குக் கேடு. ஜப்பானில் இஷிகாவா மாநிலத்தில் யமனகா என்று அரக்குப் பாத்திரங்களுக்குப் பேர்போன ஓர் ஊர் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பலகை வாக்கில் மரத்தை வெட்டிக் கடையும்போது, யமனகாக்காரர்கள் மரம் நின்ற வாக்கிலேயே நிறுத்தி, வட்டு வட்டாக அறுத்துக் கடைகிறார்கள். தேநீர்ச் சடங்கில் தேயிலைத்தூள் வைக்கிற நட்சுமே என்ற மூடிச் சிமிழுக்கு அந்த ஊர் பெயர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். நட்சுமேயின் மூடி கையில் எடுக்கும்போது வழுக்கிக்கொண்டு வரும். சத்தம் வராது. இந்தச் சத்தத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

எனக்குக் கடைசல் சொல்லிக்கொடுத்த பெரியவர் பட்டறையில், மின்விசிறிக்கு எட்டாத மூலையில் ஒரு பரண் இருந்தது. அதில் முரட்டுத்தனமாகக் கடைந்த சிமிழ்கள், ஜோடி ஜோடியாகச் சணலால் கட்டி, ஐம்பது அறுபது கிடக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் கார்ப்பென்டர் பென்சிலால் 'மாசி', 'வைகாசி' என்று எழுதியிருப்பார். சிமிழ் வேண்டும் என்று யாராவது வந்தால் பரணைப் பார்ப்பாரே தவிர, மரத்தடுக்கைப் பார்க்க மாட்டார். புதிதாகப் போன எனக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. ஒரு சித்திரையில் உறவுக்காரக் கல்யாணத்துக்கு என்று ஆறு சிமிழ்களை ஒரே வாரத்தில் கடைந்து, மூடி பொருத்தி, மினுக்கிக் கொடுத்தேன். கார்த்திகையில் சித்தி போன் செய்தார். "ஏன்டா, குங்குமத்தை உள்ள வெச்சுப் பூட்டியா குடுத்தே? சாவி எங்க?" ஆறில் நான்கு அப்படி. ஐந்தாவதைத் திறக்க அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், அது வாயிலிருந்து அடிவரை வெடித்துவிட்டது. பெரியவரிடம் சொன்னபோது அவர் பேசவில்லை, பரணைப் பார்த்துச் சிரித்தார்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கட்டையை இரண்டு முனையிலும் பிடித்து உருளையாக்குங்கள். இரண்டு முனையிலும் சக் (லேத்தில் கட்டையைத் தாடைகளால் கவ்விப் பிடிக்கும் பாகம்) பிடிக்க 5, 6 மி.மீ. உயரத்தில் கழுந்து, அதாவது ஒரு குட்டை முளை, எடுங்கள். கழுந்தின் தோள் சக்கின் தாடை மேல் சரியாக உட்கார வேண்டும், கழுந்தின் நுனி சக்கின் அடியில் முட்டக் கூடாது. முட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் கட்டை ஆடிக்கொண்டே இருக்கும். பிறகு மூடியையும் அடிப்பாகத்தையும் பார்ட்டிங் உளியால் பிரியுங்கள். இங்கே மட்டும் உளிக்கு முக்கியத்துவம் உண்டு. எவ்வளவு மெல்லிய உளியோ அவ்வளவு நல்லது, 2 மி.மீ. போதும். மூடியிலிருந்து அடிப்பாகத்துக்கு மரத்தின் கோடுகள் தொடர்ந்து ஓடுவதுதான் சிமிழுக்கு அழகு. உளி தின்கிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்தத் தொடர்ச்சியில் ஓர் ஓட்டை. பவர் ஹாக்சா பிளேடின் உடைந்த துண்டைத் தீட்டிப் பிடி போட்டுக்கொண்டால் கடை உளியைவிட மெல்லியதாகக் கிடைக்கும். நான் பத்து வருஷமாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பிரித்த பிறகு இரண்டையும் உள்ளே குடைந்து, சுவர் 10 மி.மீ. தடிமனில் விடுங்கள். அடியும் அதே தடிமன். அழகு பார்க்க வேண்டாம். வாயோடு வாய் வைத்து ரப்பர் பேண்ட் போட்டு, வெயில் படாத, காற்று லேசாக ஓடுகிற இடத்தில் வையுங்கள். எத்தனை நாள் என்று நான் சொல்ல முடியாது, மரம்தான் சொல்லும். அதைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. சமையலறை எலக்ட்ரானிக் தராசில் எடை பார்த்து அடியிலேயே எழுதுங்கள், வாரம் ஒரு தடவை. எடை இறங்கிக்கொண்டே வரும். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும், பயப்பட வேண்டாம்.

இந்தக் காத்திருப்பு வேண்டாம் என்றால் ஏற்கெனவே ஐம்பது வருஷம் காத்திருந்த மரத்தைப் பிடிக்க வேண்டும். உடைந்த கட்டில் கால், பழைய கதவு நிலை, ஊஞ்சல் பலகையின் ஓரம். காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் மரம் விற்கும் கடைகளில் தேக்கும் ஈட்டியும் துண்டு துண்டாகக் கிடைக்கும். உள்ளே புதைந்த ஆணியை ஒரு காந்தம் வைத்துத் தேடாமல் லேத்தில் ஏற்றாதீர்கள். இதிலும் குடைந்த பிறகு ஓரிரு நாள் வைப்பது நல்லது. காய்ந்த மரத்துக்குள்ளும் இறுக்கம் கட்டுண்டு கிடக்கும், நடுவை எடுத்ததும் சுவர் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும்.

மரம் பற்றிச் சொல்லும்போது, வெட்பாலையை விட முடியாது. பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவே இருக்கும் சன்னபட்டணத்தில் வண்ண அரக்குப் பொம்மை கடைவது அந்த மரத்தில்தான், அங்கே ஆலெ மரம் என்பார்கள். ஆந்திராவில் ஏட்டிகொப்பாகாவிலும் அதே மரம்தான், அங்கே பெயர் அங்குடு. வெளிர் நிறம், நெருங்கிய நார், உளிக்கு வெண்ணெய் மாதிரி. ஓடுகிற லேத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசலின் சூட்டில் உருகிப் படியும். தாழை மடலால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி போல் மின்னும். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானிலும் இதே அரக்கு வேலையைப் பார்க்கலாம். அரக்கு முழுக்கப் பூசிய சிமிழில் ஈரம் போக வர வழி குறைவு, அதனால் அசைவும் மெதுவாகும்.

என் சொந்தச் சிபாரிசு சீமைக்கருவேலம். சிரிக்காதீர்கள். விறகு என்று தள்ளுகிற அந்த மரத்தின் இனம் சுருக்கத்தில் மிகக் குறைவானது, ஆர வாக்கிலும் வளைய வாக்கிலும் தேக்கைப் போலப் பெரிய ஏற்றத்தாழ்வும் கிடையாது. சிமிழுக்கு இதைவிட என்ன வேண்டும்? வைரம் பாய்ந்த நடுப்பகுதி செம்பழுப்பாக, கிட்டத்தட்ட ஈட்டி மாதிரி இருக்கும். வெளிர்மஞ்சளாக இருக்கும் வெளிறை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிமரத்தை, கழித்துவிடுங்கள், புழு அங்கேதான் நுழையும். உளி சீக்கிரம் மழுங்கும், தூசி மூக்கை எரிக்கும், நேரான துண்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனாலும் நான்கு அங்குல நேர்த்துண்டு ஒரு சிமிழுக்குப் போதுமே. எந்த மரமானாலும் நடுக்குருத்து உள்ளே வராத துண்டாகப் பாருங்கள். குருத்து இருந்தால் அது வெடிப்பதைத் தடுக்க யாராலும் முடியாது.

இப்போது பொருத்துகிற நாள். முதலில் மூடியை சக்கில் மாட்டி, நெளிந்த வாயைச் சரிசெய்யுங்கள். மூடியின் உள்வேலையை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடிப்பாகத்தைத் தொட வேண்டும், உப்புத்தாள், மெழுகு வரை. ஏனென்றால் உள்வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் திரும்பச் சின்னதாக்க வழியில்லை. கழுத்தையோ வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிறபடி சீவிக்கொண்டே வரலாம். மூடியின் வாய் உள்ளே 6, 7 மி.மீ. ஆழத்துக்கு நேராக, இரண்டு பக்கச் சுவரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். உள்ளே போகப் போக விரிந்தாலும் குறுகினாலும் மூடி ஒரே ஒரு கோட்டில்தான் பிடிக்கும். ஒரு மாதத்தில் அந்தக் கோடு தேய்ந்து மூடி ஆட ஆரம்பித்துவிடும். வெர்னியரின் உள்தாடையை விளிம்பில் ஒரு தடவை, ஆழத்தில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். ஒரே அளவு வரும்வரை ஸ்க்ரேப்பரால் (சுரண்டும் உளி) மயிரிழை மயிரிழையாக எடுங்கள்.

அடிப்பாகத்தை மாட்டி முதலில் உள்ளே முழு ஆழத்துக்குக் குடைந்துவிடுங்கள். கழுத்தை முடித்துவிட்டுப் பிறகு குடைகிறவர்கள் உண்டு. நடுமரம் போனதும் கழுத்து நெளியும், செய்த வேலை வீண். குடையும் முறைக்கு, முதல் நாள் குடைவதற்கும் சேர்த்து, சொல்ல அதிகமில்லை. மரம் திடமாக இருக்கும் முதல் நாளில், டெயில்ஸ்டாக்கில் (லேத்தின் மறுமுனைத் தாங்கி) பெரிய டிரில்லை மாட்டி, லேத்தை 500 சுற்றுக்குக் குறைத்து, ஆழத்தை டேப் ஒட்டி அடையாளம் வைத்து நடுவில் ஒரு துளை போடுங்கள். அடிக்கடி வெளியே இழுத்துத் தூளை உதறுங்கள். சூடேறினால் அடியில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு வரும். அதன் பிறகு கௌஜ் என்று சொல்லும் குழியுளியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்து வெட்டுங்கள். வெளியிலிருந்து நடுவுக்குத் தள்ளினால் நார் எதிர்த்து நிற்கும், பரப்பு சொரசொரப்பாகும். கடைசிச் சுத்தத்துக்கு ஸ்க்ரேப்பர். கைப்பிடி நுனியைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். கிடையாகப் பிடித்தால் கொத்திவிடும்.

இனிதான் கழுத்து. முதலில் வேண்டுமென்றே ஒரு மில்லிமீட்டர் பெரிதாக, நுனி மட்டும் லேசாகச் சரியும்படி வெட்டுங்கள். லேத்தை நிறுத்துங்கள். மூடியை அந்தச் சரிவில் வைத்து, மரக்கோடுகள் நேராக இருக்கிறதா என்று பார்த்து, லேசாக அழுத்தி இப்படியும் அப்படியும் ஒரு அரைச் சுற்று தேயுங்கள். மூடியை எடுத்தால் கழுத்தில் பளபளவென்று ஒரு மெல்லிய வளையம் தெரியும், கருத்த மரமானால் விளக்கைச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். மூடியின் வாய் அளவு அந்த வளையத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னாலிருக்கும் மரத்தை அந்த வளையத்தின் மட்டத்துக்குச் சீவுங்கள், வளையத்தைத் தொடாமல். மறுபடி வைத்துப் பார்த்தால் வளையம் கொஞ்சம் உள்ளே நகர்ந்திருக்கும். மறுபடி சீவல். நான்கைந்து தடவையில் மூடி தோள் வரை இறங்கி, உள்ளங்கையால் தட்டினால் பிடித்துக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் அது இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். மூடியை இப்படி மாட்டியபடியே, டெயில்ஸ்டாக்கை லேசாகத் தாங்கல் கொடுத்து, வெளிப்பக்கத்தை இரண்டும் சேர்ந்த ஒரே உருவமாகக் கடையலாம். பிடி கொஞ்சம் தளர்ந்துவிட்டால் ஒரு துண்டு நியூஸ்பேப்பரை நடுவில் வைத்து அடித்தால் போதும்.

வெளிவடிவம் முடிந்து, மூடியின் தலையும் சுத்தமான பிறகு, மூடியை எடுத்துவிட்டுக் கழுத்தை இறுதி அளவுக்குக் கொண்டுவாருங்கள். உளி வேண்டாம், 240 நம்பர் உப்புத்தாளை விரலால் இரண்டு நொடி தொட்டு எடுத்தால் அளவு இறங்கிவிடும். தொடுங்கள், நிறுத்துங்கள், மூடிப் பாருங்கள். அவசரப்பட்டு ஐந்து நொடி பிடித்தால் மூடி தொளதொளவென்று ஆகிவிடும். எத்தனை வருஷம் பழகினாலும் இந்த இடத்தில் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும்.

மூடியும் அடியும் சேருமிடத்தில், உங்கள் படத்தில் இருப்பதுபோல் கோடு தெரியாமல் வழவழவென்று விடாதீர்கள். இணைப்புத் தெரியாமல் செய்வதில் ஒரு பெருமை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். உட்பகை உள்ள குடும்பம் வெளியே ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே சேராது என்பதற்கு வள்ளுவரே 'செப்பின் புணர்ச்சி'யைத்தான் உவமை சொல்கிறார். செப்பு என்றால் சிமிழ்தான். செப்பும் மூடியும் ஒன்று போலத் தெரியும், எடுத்தால் இரண்டாகிவிடும். அந்தக் காலத்திலேயே இந்தக் கச்சிதம் கைவந்திருக்கிறது. ஆனால் முதல் மழைக்குப் பிறகு இரண்டு வட்டமும் ஒரு மயிரிழை விலகும், விரல் வைத்தால் படி தட்டும். ஸ்கியூ உளியின் (சாய்ந்த வாயுள்ள உளி) நுனியால் இணைப்பில் ஒரு சின்ன வெட்டுப் பள்ளமோ, அடிப்பக்கத்தில் ஒரு மணிவளையமோ கொடுத்துவிட்டால் அந்த விலகல் நிழலுக்குள் மறைந்துவிடும்.

அடிப்பாகத்தின் கழுந்தைக் கடைசியில் வெட்டிச் சுத்தம் செய்ய, ஒரு கழிவுக் கட்டையை சக்கில் மாட்டி அதில் சிமிழின் வாய் இறுகி உட்காரும்படி ஒரு முளை கடைந்து, தலைகீழாக மாட்டிக்கொள்ளுங்கள். அடி நடுவில் லேசாகக் குழிந்திருக்கட்டும், அப்போதுதான் மேஜையில் ஆடாது.

இப்போது அந்த 'டப்' சத்தம். மூடியைத் திறக்கும்போது உள்ளே காற்று இழுபட்டு வரும் சத்தம் அது. கண்காட்சியில் நூறு பேர் கையில் வாங்கித் திறந்து பார்க்க, வாங்கினவர் அலமாரியில் வைக்க, அது பொருந்தும். குங்குமச் சிமிழ் அப்படி வாழ்வதில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து, ஒரு கையில் கண்ணாடியோ சீப்போ இருக்க, மறு கையின் இரண்டு விரலால் மூடியைத் தூக்கிவிட்டு மோதிர விரலால் தொட்டெடுக்கிறார்கள். இரண்டு கை வேண்டும் என்றால் அந்தச் சிமிழ் ஒரு வாரத்தில் சாமி அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும், குங்குமம் பிளாஸ்டிக் டப்பாவுக்கு வந்துவிடும். அழுத்தம் கொடுத்து 'டப்' என்று திறந்தால் குங்குமம் புடவையில் கொட்டும் என்பது தனி. என் பாட்டியின் சிமிழ் மூடியைப் பிடித்துத் தூக்கினால் அடிப்பாகம் கூடவே வராது, தன் எடையிலேயே இருந்த இடத்தில் நிற்கும். கவிழ்த்தால் மூடி விழும். அந்தக் காலத்துக் கடைசல்காரர் தெரிந்துதான் விட்டிருக்கிறார். ஆகவே உபயோகத்துக்கு என்றால் 0.3 மி.மீ. வரை இடைவெளி விடுங்கள், கழுத்தின் உயரத்தை 5 மி.மீ.க்குள் வையுங்கள். நகை, பட்டன், ஊசி வைக்கிற செப்புக்குக் கொஞ்சம் இறுக்கலாம். பையில் போட்டுக்கொண்டு போகிற சிமிழுக்கு மட்டும்தான் மரை வெட்டி முறுக்கு மூடி போடுவது நியாயம், அது வேறு பாடம்.

பாலிஷ் கேட்டிருந்தீர்கள். வெளியே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் இரண்டு பூச்சு, மேலே தேன்மெழுகு. உள்ளே எண்ணெய் எதுவும் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் மூடிய பெட்டிக்குள் மாதக்கணக்கில் நாறும், குங்குமமும் கட்டி கட்டும். கழுத்திலும் மூடியின் வாயிலும் ஒரு மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போடும்போது விரல் சுடுகிறதென்றால் மரமும் சுடுகிறது. வெட்டுமுகத்தில் மயிர்க்கோடு வெடிப்பு விழும், பாலிஷ் போட்ட பிறகுதான் அது கண்ணில் படும். வேட்டி நுனி, துண்டு, துப்பட்டா, கையுறை எதுவும் லேத் பக்கம் வரக் கூடாது, முழு முகத்தையும் காக்கும் கவசம் மாட்டாமல் சுவிட்சைப் போடாதீர்கள் என்பதைப் பழகினவருக்கும் ஒரு தடவை சொல்லிவைக்கிறேன்.

இனி உங்கள் சிமிழ். அதைத் தூக்கிப் போட வேண்டாம். இன்னும் ஒரு மாதம் மூடாமல், இரண்டு பாகமும் தனித்தனியாகத் திறந்தபடி அலமாரியில் இருக்கட்டும். மறுபடி இறுகினால் முறுக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தோடு ஜிப் கவரில் இரண்டு நாள் வைத்தால் மழைக்கால வீக்கம் தானாக விடும். மாதம் கழிந்து கால் சுற்றுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். முட்டுகிற இடத்தில் பென்சில் கரியைத் தேய்த்து மூடிப் பார்த்தால் கரி எங்கே மழுங்குகிறது என்று தெரியும், அங்கே மட்டும் உப்புத்தாளைக் கையால் தேயுங்கள். லேத்தில் மாட்டி வட்டமாக்கப் போக வேண்டாம், சுவர் மெலிந்துவிடும். பெயர்ந்த சில்லு கையில் இருந்தால் ஒட்டி, அந்த விளிம்பைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம் எடுத்துவிடலாம். தொலைந்துபோயிருந்தால் சில்லின் ஆழத்துக்கு மூடியின் விளிம்பு முழுவதையும் இறக்கிவிடுங்கள், மூடியை வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாகச் செய்தது போலவே இருக்கும். மரக்கோடுகள் நேராகச் சேரும் நிலையில், மூடியிலும் அடியிலும் உட்புறமாக ஊசிமுனையால் ஒரு புள்ளி குத்திவிடுங்கள். வீட்டில் யார் மூடினாலும் அந்தப் புள்ளியைப் பார்த்து மூடட்டும்.